நீல மூடி

நெல்டா ஹாகன் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் ஆறு அலுமினியத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. ஆறும் மார்லா ஒடேகார்டின் தட்டுகள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒன்று வந்துவிடும். பட்டைத்தூள் தூவிய சினமன் ரோல் வரும், இல்லையென்றால் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் சேர்த்து ஓவனில் வேகவைத்த ஏதாவது வரும். தட்டின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி 'ஒடேகார்ட்' என்று பேனாவால் எழுதியிருக்கும். நெல்டா சாப்பிட்டு, கழுவி, துடைத்து மேலே வைத்துவிடுவாள். திருப்பிக் கொடுக்கத்தான் முடியவில்லை.

வயோமிங்கின் ட்ரைஃபோர்க் பக்கம் ஒருவர் வீட்டுத் தட்டை வெறுந்தட்டாகத் திருப்பித் தருவது கிடையாது. நாலு பிஸ்கட்டாவது வைத்துத் தர வேண்டும். வெறுந்தட்டு போனால், உன் சகவாசமே போதும் என்று சொன்னதாக அர்த்தம். நெல்டாவுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. அந்த வீட்டுப் பெண் குழந்தைக்குக் காலில் இரண்டு விரல் போனது தன்னால்தான் என்று தெரிந்திருந்தும், கேக் சுட்டுத் தூக்கிக்கொண்டு போய் அந்த வாசலில் நின்று சிரிக்க அவளால் ஆகவில்லை. மார்லாவுக்கு விஷயம் தெரியாது. மகளின் உயிரைக் காப்பாற்றியவள் நெல்டா என்று நம்பித்தான் அவள் வாராவாரம் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

ஊரே அப்படித்தான் நம்பியது. பத்திரிகையில் படம் வந்தது. தபால் நிலையத்தில் வரிசையில் நின்றால் முன்னால் விட்டார்கள். நெல்டாவுக்குத் தூக்கம் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். நெல்டா இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் போய் ஆறு வருஷம். பஸ் கொட்டகையில் இருந்த மெக்கானிக் சென்ற அக்டோபரில் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடப் பள்ளி நிர்வாகத்துக்கு வக்கில்லை. ஆயில் பார்ப்பது, காற்று பார்ப்பது எல்லாம் டிரைவர்கள் தலையில் விழுந்தது. இந்தக் கால டீசல் வண்டிகளில் டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். அதில் யூரியாத் தண்ணீர் ஊற்ற வேண்டும். புகையில் இருக்கும் நஞ்சை அது முறிக்கும், ஊற்றியே ஆக வேண்டும் என்று வாஷிங்டனில் மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. ஊற்றாவிட்டாலும் சரி, வேறெதையாவது ஊற்றினாலும் சரி, வண்டியின் கம்ப்யூட்டர் முதலில் மஞ்சள் விளக்கைக் காட்டும், பிறகு சிவப்பைக் காட்டும், அதற்கும் நீங்கள் மசியாவிட்டால் வேகத்தை மணிக்கு ஐந்து மைலுக்கு இறக்கிவிடும். மிதியைத் தரையோடு அழுத்தினாலும் ஐந்துதான்.

அந்த மஞ்சள் விளக்கு எரியாத வண்டி எங்கள் பக்கத்தில் கிடையாது. சென்சார் கெட்டால் எரியும், குளிர் கூடினால் எரியும், சும்மாவும் எரியும். எரிந்தால் டாஷ்போர்டை ஒரு தட்டு தட்டி, வாஷிங்டனை ஒரு வார்த்தை திட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பது வழக்கம். இங்கே பிள்ளைகள் லைசென்ஸ் வாங்குவதற்கு முன்பே அந்தத் திட்டைக் கற்றுக்கொண்டுவிடும்.

ஜனவரியில் ஒரு நாள் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. கொட்டகையில் யூரியாத் தண்ணீர்க் கேன்கள் கல்லாக உறைந்துபோயிருந்தன. ஒரே ஒரு கேனை நெல்டா உள்ளறையில் ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் வண்டியின் முன்கண்ணாடி கழுவும் திரவக் கேனும் இருந்தது. அதே பருமன், அதே நீலம். விடிகாலை ஐந்து மணிக்கு வெளியிலிருந்து உள்ளே வந்ததும் அவளுடைய மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைக்கச் சோம்பல். கைக்கு அகப்பட்ட கேனைத் தூக்கிப் போய் நீல மூடியைத் திறந்து ஊற்றிவிட்டாள்.

காலை ஓட்டத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டாஷ்போர்டைத் தட்டினாள். வாஷிங்டனைத் திட்டினாள். சாயங்காலம் ஒன்பது பிள்ளைகளோடு பண்ணைகளுக்குத் திரும்பும்போது, வயர்லெஸ்ஸும் எடுக்காத, செல்போனும் எடுக்காத பள்ளத்தில் சிவப்பு எரிந்து வண்டி ஐந்து மைலுக்கு இறங்கியது. கிட்டத்து வீடு ஒடேகார்ட் பண்ணை, பதினோரு மைல். எதிரே ஒரு வண்டி வரவில்லை. அந்த வேகத்தில் என்ஜினில் சூடு ஏறாது. ஹீட்டர் ஊதியது பச்சைக் குளிர். நெல்டா பிள்ளைகளை முன் சீட்டுகளில் நெருக்கி உட்காரவைத்து, தன் கோட்டைக் கழற்றிச் சின்னதுகள்மேல் போர்த்தி, வாய்ப்பாடு சொல்லவைத்து, பாட்டுப் பாடவைத்து, இரண்டேகால் மணி நேரம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தாள். அதெல்லாம் உண்மைதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

மார்லாவின் மகள் ஷெல்பிக்கு வயது பத்து. மத்தியான இடைவேளையில் ஓடைப் பனியில் கால் விட்டுப் புது பூட்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தது. அம்மா திட்டுவாள் என்று பயந்து அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் பூட்ஸைக் கழற்றியபோது இடது கால் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் நெல்டாவின் கொழுந்தன் ராய்ஸ் பஸ்ஸைத் தன் பட்டறைக்கு இழுத்துப் போனான். மத்தியானம் போன் பண்ணினான். நெல்டா போனபோது அவன் ஒரு காபிக் கோப்பையில் கொஞ்சம் நீலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தான்.

"இத மோந்து பாரு."

அவள் மோந்து பார்த்தாள்.

"யூரியாவா இருந்தா தொழுவ நாத்தம் அடிக்கணும். இது சாராய நெடி, கண்ணாடி கழுவற தண்ணி" என்றான் ராய்ஸ். "யாரு ஊத்துனது?"

"வேற யாரு? நான்தான்."

ராய்ஸ் கோப்பையைக் கழிவு எண்ணெய் டின்னில் கவிழ்த்தான். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்து முடியவே இல்லை.

"இப்ப தொட்டி காலி. நானும் ஒண்ணும் பாக்கல, நீயும் ஒண்ணும் பாக்கல."

"மார்லாகிட்ட சொல்லணும் ராய்ஸ்."

"சொன்னா? வெட்டுன வெரலு முளைச்சிடுமா?" குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. நம்ம மாநில செனட்டர் பிக்கெட் காலையிலயே போன் பண்ணிட்டாரு. சட்டம் கொண்டு வராராம். வாஷிங்டன்காரன் பொகைச் சட்டத்துக்கு நம்ம ஊரு ஆபீசர் ஒருத்தனும் ஒத்தாசை பண்ணக் கூடாதுன்னு. பஸ்ஸ வச்சுத்தான் பேசப் போறாரு. அது வந்தா நான் பொழைச்சேன். இல்லன்னா என் கதி என்னன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். ராய்ஸ் பத்து வருஷத்தில் அறுபது எழுபது பிக்கப் வண்டிகளில் புகை முறிக்கும் அந்தச் சாமானைக் கழற்றி எறிந்து கொடுத்தவன். பண்ணைக்காரர்கள் கேட்டார்கள், செய்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மத்திய அரசிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அபராதம், இல்லையென்றால் சிறை, இரண்டுமே கூட இருக்கலாம். அண்ணன் செத்த வருஷம் நெல்டாவின் வீட்டுக் கூரையை ஒரு பைசா வாங்காமல் மாற்றிக் கொடுத்தவன் அவன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மூடிய வாய்க்குத்தான் வெள்ளிக்கிழமைதோறும் சினமன் ரோல் வந்தது. தின்னப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் குப்பையில் போட மனசு வரவில்லை. ஒருவர் கையால் செய்ததை எப்படிக் கொட்டுவது? அழுதுகொண்டே தின்றாள்.

பிப்ரவரிக் கடைசியில் மாநிலத் தலைநகரில் சட்டசபைக் குழு விசாரணை. பிக்கெட் தன் வண்டியிலேயே நெல்டாவை அழைத்துப் போனார். நாலு மணி நேரப் பயணம். பிக்கெட் கெட்ட மனிதர் இல்லை. வழியில் காபி வாங்கிக் கொடுத்தார், ஹீட்டர் போதுமா என்று மூன்று தடவை கேட்டார், செத்துப்போன அவள் புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். அவருடைய உதவியாளர் டைப் அடித்த ஒரு பக்கத்தை அவள் மடியில் வைத்தார்.

"ரெண்டு நிமிஷம்தான் நெல்டா. பச்சை லைட் எரியும், ஆரம்பிங்க. மஞ்சள் வந்தா முடிங்க. செவப்புல நிறுத்திடணும். இத அப்படியே படிச்சாப் போதும்."

அதில் 'வாஷிங்டனின் இயந்திரம் ஒன்பது வயோமிங் குழந்தைகளைப் பனியில் கைவிட்டது' என்று முதல் வரி. நெல்டா படித்தாள். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். அதை அங்கே வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. எதிர்ப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

தலைமைச் செயலக நடைபாதையில் வழவழவென்று கல் பாவியிருந்தது. அங்கே ஒரு பெஞ்சில் மார்லாவும் ஷெல்பியும் உட்கார்ந்திருந்தார்கள். மார்லா எழுந்து வந்து நெல்டாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு சாட்சிப் பட்டியலில் கையெழுத்துப் போட உள்ளே போனாள். ஷெல்பியின் வலது காலில் பூட்ஸ் இருந்தது. இடது காலில் வெறும் கட்டு மட்டும்.

"பூட்ஸ் எங்கடி? தரை சில்லுனு இருக்குமே?"

"அந்த அண்ணன் கழட்டச் சொன்னாரு" என்று ஷெல்பி உதவியாளரைக் காட்டினாள். "கட்டு தெரியணுமாம்."

நெல்டா தன் சால்வையை எடுத்து அந்தக் காலில் சுற்றிக் கட்டினாள். குழந்தை அவளுடைய காதருகே வந்தது.

"மிசஸ் ஹாகன், ஒண்ணு சொல்லட்டா? யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லு."

"அன்னைக்கு என் சாக்ஸ் ஈரம்னு உள்ள சொல்லலாமான்னு கேட்டேன். அத மட்டும் சொல்லாதன்னுட்டாரு. சொன்னா சட்டம் வராதாம். ஆனா அது என் தப்புதான? நான் ஓடையில கால வைக்காம இருந்திருந்தா..."

"உன் தப்பு இல்ல."

"அம்மாவும் முதல்ல என் தப்புன்னுதான் சொன்னா."

நெல்டா சால்வையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். தான் பதில் சொல்ல வேண்டிய குற்றத்துக்கு இந்தப் பத்து வயதுப் பெண் ஆறு வாரமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அதுவரை தன் பாரம் தன்னோடு என்றே நினைத்திருந்தாள்.

உள்ளே கூட்டம். பின்வரிசையில் ராய்ஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது பேர் பேசினார்கள். லாரிக்காரர்கள், பண்ணைக்காரர்கள், நகரத்திலிருந்து வந்த மூச்சிரைப்புக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர். டாக்டர் பேசும்போது பாதிப் பேர் போனைப் பார்த்தார்கள். பிக்கெட் நெல்டாவின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது.

நெல்டா காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"என் பேரு நெல்டா ஹாகன். ட்ரைஃபோர்க் ரெண்டாம் நம்பர் பஸ் ஓட்டறேன்" என்றாள். மைக்கில் அவள் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "அன்னைக்கு மெஷின்ல கோளாறு இல்ல. யூரியா ஊத்தற எடத்துல நான் கண்ணாடி கழுவற தண்ணிய ஊத்திட்டேன். கண்ணாடிய தொடைக்காம, லேபிளப் படிக்காம ஊத்தினேன். காலையிலயே லைட் எரிஞ்சது. எப்பவும் எரியறதுதானேன்னு விட்டுட்டேன். பிள்ளைங்க குளிர்ல கெடந்தது என்னால. ஷெல்பிக்கு வெரலு போனது என்னால. மறுநாளே எனக்குத் தெரியும். இத்தன நாள் சொல்லல. அவ்வளவுதான்."

மஞ்சள் விளக்குகூட இன்னும் எரியவில்லை. நெல்டாவுக்குத் திரும்பி, மார்லாவும் ஷெல்பியும் உட்கார்ந்திருந்த முன்வரிசையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தொட்டியைக் காலி செய்தது யார் என்று கேட்பார்களோ என்று காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மனசு விட்டுப் பேசினீங்கம்மா, ரொம்ப நன்றி" என்றார்.

பிக்கெட் எழுந்தார். ஒரு நொடிதான் தடுமாறினார். பிறகு அவருடைய குரல் குழைந்தது.

"பாருங்க. இருபத்திரண்டு வருஷம் ஒரு சின்னக் கீறல் இல்லாம ஓட்டின அம்மா. அவங்களையே தடுமாற வைக்கிற மாதிரி ஒரு ரெண்டாவது தொட்டியை வண்டியில மாட்டினது யாரு? இவங்களா? ஒரு சின்னக் கைத்தவறுக்கு ஒன்பது குழந்தைங்களைப் பனியில நிறுத்தணும்னு மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நான் கேக்கறது அதுதான்."

கைதட்டல் எழுந்தது. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் நெல்டாவுக்கு அதிகக் களைப்பைத் தந்தது. ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்த்து ஒரே ஒரு கை. அவள் சொன்ன உண்மை, குளத்தில் விழுந்த கூழாங்கல் அளவுக்குக்கூடச் சத்தம் போடவில்லை.

வெளியே வந்தபோது பெஞ்ச் காலி. சால்வை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மார்லாவின் வண்டி போயிருந்தது. ராய்ஸ் படிக்கட்டில் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"என் பேர நீ சொல்லலியே" என்றான்.

"உன் பேரு எதுக்கு? ஊத்தினது நான்."

"கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன் ராய்ஸ்."

அவன் தலையை ஆட்டினான். கோபமா சம்மதமா என்று தெரியவில்லை. திரும்பும் வழியில் பிக்கெட் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "நீங்க உண்மை பேசினதும் நல்லதுக்குத்தான் நெல்டா. பத்திரிகைக்காரங்க உருகிட்டாங்க" என்றார். ஹீட்டர் போதுமா என்று மறுபடியும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் நெல்டா கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலதிகாரி போன் செய்தார். வேலை போய்விட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு உங்க ஃபைல்ல வைக்கறேன்" என்றார் அவர். "திங்கக்கெழம வழக்கம்போல வண்டி எடுத்துடுங்க."

"என்னையா?"

"இந்த மாவட்டத்துல பஸ் லைசென்ஸ் வச்சிருக்கறது மூணு பேரு, மிசஸ் ஹாகன். ஒருத்தருக்கு முட்டி ஆபரேஷன். நான் வேற யாரக் கூப்பிடறது?"

அன்று தட்டு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் நெல்டா ஆப்பிள் கேக் சுட்டாள். எதற்கென்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. ஓவனிலிருந்து எடுத்து ஆறவைத்திருக்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. மார்லா. வண்டிக்குள் ஷெல்பியின் தலை தெரிந்தது. மார்லா வாசற்படி ஏறி வந்தாள். எங்கள் ஊரில் உள்ளே வருகிறவர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். அவள் கழற்றவில்லை.

"உள்ள வா மார்லா."

"உக்கார வரல. என் தட்டெல்லாம் குடு."

நெல்டா ஸ்டூல் போட்டு ஏறி ஆறு தட்டுகளையும் இறக்கினாள். மேல்தட்டை மட்டும் தனியே எடுத்துக் கேக்கைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் இரு. காலையில கேக் சுட்டேன், இதுல..."

"வெறுந்தட்டாக் குடு."

நெல்டா மேல்தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். மார்லா கத்தவில்லை. இரண்டு நாளாகத் தனக்குள் பேசிப் பேசித் தேய்ந்துபோன குரலில் பேசினாள்.

"கைத்தப்பு யாருக்கும் வரும் நெல்டா. நானே ஒரு தடவ ஊசி மாத்திப் போட்டு ஒரு கன்னுக்குட்டியக் கொன்னுருக்கேன். அத நான் கேக்க வரல. ஆறு வாரம். ஆறு வாரம் என் கையால சாப்பிட்ட. தெரிஞ்சே சாப்பிட்ட."

"ஆமா."

"எம்பொண்ணு, தன்னாலதான் காலு போச்சுன்னு அழுதிட்டிருந்தா. நானும் சேந்து திட்டினேன். ஈரத்தோட உக்காந்தது யாருடி, வாயத் தொறந்து சொல்றதுக்கென்னன்னு திட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல வச்சுத் திட்டினேன். அன்னைக்கு நீ இங்க உக்காந்து என் ரொட்டியத் தின்னுட்டிருந்த."

நெல்டா ராய்ஸுக்காக என்று சொல்லியிருக்கலாம், பயந்துபோய் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் மெய்தான். இரண்டையும் சொல்ல வாய் வரவில்லை. தட்டுகளை நீட்டினாள். மார்லா மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவமானம் காதுவரை சுட்டது. ஆனால் அன்றைக்குத்தான் நெல்டா மத்தியானத்திலேயே படுத்து, இருட்டும்வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். இத்தனை பேரில் ஒருத்தியாவது அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை லேபிளை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து யூரியாத் தண்ணீர் ஊற்றினாள். ஆறு இருபதுக்கு ஒடேகார்ட் வாசல். ஷெல்பி வரமாட்டாள், மார்லா தானே நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போய் விடுவாள் என்றுதான் நினைத்திருந்தாள். கேட்டருகில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

நெல்டா கதவைத் திறந்தாள். ஷெல்பி ஏறவில்லை. மார்லா பஸ்ஸின் பக்கவாட்டில் போனாள். கையில் டார்ச். சின்னக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது, மார்லா நீல மூடியைத் திருகி எடுத்து, குனிந்து, தொட்டியின் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். மூடியைத் திருகினாள். திரும்பி வந்து மகளின் முதுகில் கை வைத்தாள். நெல்டாவின் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஏறு."

ஷெல்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினாள். "குட் மார்னிங், மிசஸ் ஹாகன்."

"சாக்ஸ் காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பனி பெய்தாலும் மார்லா வந்து நின்றாள். ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நிமிஷம் கதவு திறந்தே கிடக்கும், குளிர் உள்ளே வரும், பிள்ளைகள் முணுமுணுக்கும். நெல்டா ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

மார்ச் நடுவில் சட்டம் கையெழுத்தானது. கையெழுத்துப் போட்ட பேனாக்களில் ஒன்றைச் சின்னப் பெட்டியில் வைத்துப் பிக்கெட் நெல்டாவுக்குத் தபாலில் அனுப்பினார். அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மேசைமேல் போட்டாள். அன்று சாயங்காலம் ராய்ஸ் வந்தான். அவனுக்கும் தபால் வந்திருந்தது, மத்திய அரசிடமிருந்து, இரண்டாவது கடிதம்.

"வக்கீலக் கேட்டேன்" என்றான். "நம்ம ஷெரிப் ஒத்தாசை பண்ண மாட்டாருன்னுதான் சட்டமாம். வாஷிங்டன்காரனுங்க தானாவே வரலாமாம். அவனுங்களுக்கு ஷெரிப் எதுக்குன்னு கேக்கறாரு."

"இது முன்னாலயே தெரியாதா?"

"யாரு கேட்டா? எல்லாரும் கைதட்டினாங்க, நானும் தட்டினேன்." அவன் பேனாவை எடுத்து உருட்டிப் பார்த்தான். "நல்லா எழுதுமா இது?"

மறுநாள் காலை பஸ் ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வயோமிங்கில் இனி வண்டிப் புகையை எந்த அதிகாரியும் சோதிக்கத் தேவையில்லை என்று அறிவிப்பாளர் சொன்னார். நெல்டா ஒடேகார்ட் வாசலில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தாள். மார்லா டார்ச்சோடு பக்கவாட்டுக்குப் போனாள். நீல மூடியைத் திருகி, குனிந்து, மோந்து பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு மூடியை இறுக்கிவிட்டு வந்து மகளின் முதுகில் கை வைத்தாள்.

"ஏறு" என்றாள்.